பங்குனியில் தலை கறுக்கும் கடற்காகம்

போன தடவை செஞ்சிக் கோட்டை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "டீச்சர், அடுத்தது எப்போ?" என்று கேட்டவர்களுக்காக இது. நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். இந்த முறை கோட்டையும் கிடையாது, ராஜாவும் கிடையாது. ஒரு பறவை. அதோடு என் கையால் நடந்த ஒரு தப்பு.

பங்குனி மாதம் முதல் வாரத்தில் என் தங்கை மகன் விழுப்புரம் வந்திருந்தான். அவன் பறவைப் பைத்தியம். வனத்துறை வருஷா வருஷம் நடத்துகிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கெல்லாம் லீவு போட்டுவிட்டுப் போகிற ஆள். "பெரியம்மா, கழுவெளிக்குப் போறேன், நீயும் வா" என்றான். முட்டி வலியைக் காரணம் சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி, திண்டிவனத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, மரக்காணம் ரோட்டைப் பிடித்தோம்.

அந்த ரோட்டில் நான் எத்தனை வருஷம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். 1989-ல் இருந்து திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு, மரக்காணத்துக்குப் பக்கத்துக் கடலோரக் குப்பம் ஒன்றின் நடுநிலைப் பள்ளிக்குப் போய் வந்தேன். அப்போது விழுப்புரம் மாவட்டமே கிடையாது. தென்னாற்காடு மாவட்டம்தான். 1993 செப்டம்பரில்தான் நம் மாவட்டம் பிரிந்தது. திரும்பி வரும்போது உப்பு லாரிக்குப் பின்னாலேயே பஸ் ஊர்ந்து வரும். ஜன்னல் கம்பியை நாக்கில் வைத்தால்கூட உப்புக் கரிக்கும்.

கழுவெளியைத் தெரியாத வெளியூர்ச் சொந்தங்களுக்காக நாலு வரி. திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீரெல்லாம் கடைசியில் போய்த் தேங்குகிற பெரிய பள்ளம் அது. உப்புக்கல்லி ஓடை வழியாகவும் இடையன்திட்டுக் கழிமுகம் வழியாகவும் கடலோடு தொடர்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் வந்து நல்ல தண்ணீராக இருக்கும். கோடை வர வர உப்பேறும். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்வார்கள். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

இடையன்திட்டுப் பக்கம் போய் இறங்கும்போது வெளிச்சம் வந்துவிட்டது. சேற்றுத் திட்டில் வெள்ளை வெள்ளையாக ஒரு கூட்டம். பிள்ளை முக்காலியில் டெலஸ்கோப்பை மாட்டி, "பாரு பெரியம்மா, கடற்காகம்" என்றான்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். புறாவைவிடப் பெரிய பறவை. சாம்பல் முதுகு, சிவந்த கால், சிவந்த அலகு. வரிசையாகக் காற்றைப் பார்த்து நின்றன. முதலாவதுக்குத் தலை சுத்த வெள்ளை, காதுக்குப் பின்னால் மட்டும் கண்மை பட்டது போல ஒரு புள்ளி. அடுத்ததுக்குத் தலையெல்லாம் திட்டுத் திட்டாக அழுக்கு. அதற்கடுத்ததுக்கு முகம் பூராவும் காபித்தூள் நிறம், கழுத்தோரம் கறுப்பாக முடிகிறது. "இது எத்தனை வகைடா?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணுதான் பெரியம்மா. பழுப்புத் தலைக் கடற்காகம். குளிர்காலத்துல தலை வெள்ளையா இருக்கும். பங்குனி வந்தா கறுக்க ஆரம்பிக்கும். முழுசா கறுத்ததும் லடாக், திபெத்துன்னு கிளம்பிடும், முட்டையிட."

எனக்குக் கையில் இருந்த டீ கிளாஸ் ஆடிவிட்டது. இந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை படித்திருக்கிறேன். படித்துவிட்டுச் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன்.

1990-91 என்று நினைவு. ஏழாம் வகுப்பு. "உங்கள் ஊரில் காணும் பறவைகள்" என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். எல்லாரும் காக்கை, குருவி, மயில் என்று எழுதி வந்தார்கள். அந்த ஊரில் மயில் எங்கே இருந்தது? புத்தகத்தைப் பார்த்து எழுதியது. ஒரே ஒரு பையன் மட்டும் கடல் காக்காவைப் பற்றி எழுதியிருந்தான். கரைவலை இழுக்கும்போது கூட்டமாக வரும், வலையிலிருந்து சிதறுகிற பொடி மீனைப் பொறுக்கும், அதற்குக் கண் வெள்ளையாக இருக்கும், தை மாதம் தலை வெள்ளை, பங்குனியில் தலை கறுக்கும், சித்திரையில் போய்விடும், திரும்ப ஐப்பசியில் வரும்போது தலை வெள்ளையாக இருக்கும். இவ்வளவும் பென்சிலில், எழுத்துப்பிழையோடு.

நான் டிப்ளமோ படித்த இடைநிலை ஆசிரியை. பறவையைப் பற்றி எனக்குத் தெரிந்தது சுவரில் மாட்டிய சார்ட் அளவுதான். அந்த சார்ட்டில் கறுப்புத் தலைப் பறவை ஒன்று தனியாகவும், வெள்ளைத் தலைப் பறவை ஒன்று தனியாகவும் இருந்தன. எனவே "தவறு. இவை இரண்டும் வேறு வேறு பறவைகள்" என்று எழுதி, பத்துக்கு மூன்று போட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி, "ஒரு பறவைக்கு எப்படிடா ரெண்டு தலை?" என்று கேட்டேன். அவன், "எங்க ஆயா சொல்லும் டீச்சர், அது மாமியா வூட்டுக்குப் போவறப்ப மை பூசிக்கும்னு" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றையிலிருந்து அவனுக்கு "ரெட்டைத்தல" என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. அவன் அதற்குப் பிறகு எதையும் சொந்தமாக எழுதி வரவில்லை. மற்றவர்களைப் போல மயிலைப் பற்றி எழுத ஆரம்பித்தான்.

அன்று கழுவெளியிலிருந்து திரும்பும்போது இதைத் தங்கை மகனிடம் சொன்னேன். அவன் என்னைச் சமாதானம் செய்வதற்காக, "பெரியம்மா, நீ பரவாயில்லை. கடற்காகத்துல பெரிய பெரிய விஞ்ஞானிகளே நாற்பது வருஷம் ஏமாந்திருக்காங்க" என்று ஒரு கதையைச் சொன்னான். வீட்டுக்கு வந்தும் அது மனதைவிட்டுப் போகவில்லை. அவன் கொண்டு வந்திருந்த புத்தகங்களை வாங்கி ஒரு மாதம் படித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். கதை நடந்தது கோபி பாலைவனத்தில். ஆனால் அதில் வருகிற இரண்டு பறவைகள் நம் மரக்காணம் கடற்கரையில் வந்து மீன் பொறுக்குகிறவை.

முதலில் அந்த இரண்டு பேரை அறிமுகம் செய்துவிடுகிறேன்.

ஒன்று, மேலே சொன்ன பழுப்புத் தலைக் கடற்காகம். இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் தாமஸ் ஜெர்டன் என்ற ஆங்கிலேயர். மெட்ராஸ் ராணுவத்தில் டாக்டர். மருத்துவம் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் பறவை, பாம்பு, மீன், எறும்பு என்று அலைந்தவர். தென்னிந்தியப் பறவைகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' என்ற பத்திரிகையில் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் 1840-ல் இந்தப் பறவைக்குப் பெயர் கிடைத்தது. உலகம் முழுக்க இன்றைக்கும் அதே பெயர்தான். அதாவது நம் மெட்ராஸ் பத்திரிகையில் பேர் வைத்த பறவை இது. நீளம் சுமார் 42 சென்டிமீட்டர். வளர்ந்த பறவைக்குக் கண்மணியைச் சுற்றி வெளிறிய நிறம். அந்தப் பையன் "கண் வெள்ளை" என்று எழுதியது இதைத்தான்! தூரத்திலிருந்து டெலஸ்கோப் வைத்துப் பார்த்தால்தான் எனக்கே தெரிந்தது. வலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு வெறும் கண்ணிலேயே தெரிந்திருக்கிறது.

இரண்டாவது பல்லாஸ் கடற்காகம். பருந்துக்குச் சமமாக நிற்கிற பெரிய ஆள். 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். மஞ்சள் அலகு, நுனிப் பக்கம் கறுப்புப் பட்டை, சிவப்புத் தீற்றல். இதற்கும் குளிர்காலத்தில் தலை வெள்ளையாகத்தான் இருக்கும், கண்ணைச் சுற்றி மட்டும் அழுக்காக. ஆனால் இது அவசரக்காரன். தை, மாசியிலேயே தலை கறுகறுவென்று ஆகிவிடும். கண்ணுக்கு மேலும் கீழும் பிறை போல இரண்டு வெள்ளைக் கோடு. ரஷ்யப் பேரரசுக்காக ஊர் ஊராகச் சுற்றிய பீட்டர் பல்லாஸ் என்ற ஜெர்மானியர், காஸ்பியன் கடல் பக்கம் பார்த்து 1773-ல் எழுதி வைத்தார். மீன் கழுகு என்று பொருள் வருகிற மாதிரிப் பெயர் வைத்தார். பார்த்தால் நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள்.

இவர்கள் இரண்டு பேரும் நம் கடற்கரையில் குளிர்காலத்தைக் கழிக்கிறவர்கள். முட்டையிடுவது நடு ஆசியாவின் ஏரிகளில். பழுப்புத் தலைக்காரன் உயரமான மலை ஏரிகளில், நம் நாட்டில் லடாக்கில் கூட. பல்லாஸ் இன்னும் வடக்கே, காஸ்பியனிலிருந்து மங்கோலியா வரை.

இனி கதைக்கு வருகிறேன்.

1929-ல் கோபி பாலைவனத்தின் தெற்கே எட்சின் கோல் என்ற இடத்தில் ஒரு கடற்காகம் பிடிபட்டது. மங்கோலிய மொழியில் கோல் என்றால் ஆறு. பாலைவனத்துக்குள் ஓடி, ஏரியில் போய் முடிகிற ஆறு அது. பறவையைப் பாடம் செய்து ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருந்த ஐனர் லோன்பெர்க் என்ற விலங்கியல் அறிஞர் அதைப் பார்த்தார். ஐரோப்பாவில் மத்தியதரைக் கடற்காகம் என்று ஒன்று உண்டு. அதற்கும் கறுப்புத் தலை. அதன் சாயல் இதில் தெரிந்தது. மத்தியதரைக் கடல் எங்கே, கோபி எங்கே? ஒரு காலத்தில் பரவலாக இருந்து, மற்ற இடத்திலெல்லாம் அழிந்து, இங்கே மட்டும் மிஞ்சிப் போன கிளை என்று அவர் எண்ணி, 1931-ல் அதற்கு 'ரெலிக்டஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் விட்டுச் செல்லப்பட்டது, எஞ்சியது என்று அர்த்தம். ஆனால் தனி இனமாக அல்ல. மத்தியதரைக் கடற்காகத்தின் ஓர் உட்பிரிவாகத்தான் எழுதினார்.

தமிழில் இதை எச்சக் கடற்காகம் என்று சொல்லலாம் என்று பார்த்தேன். பறவைக்கும் எச்சத்துக்கும் வேறு சம்பந்தம் இருப்பதால் நீங்கள் சிரிப்பீர்கள். எஞ்சிய கடற்காகம் என்றே வைத்துக்கொள்வோம்.

அதற்குப் பிறகு பல காலம் அந்தப் பறவையை உயிரோடு கூடு கட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. அருங்காட்சியக அலமாரிகளில் பாடம் செய்த ஒரு சில தோல்கள் மட்டும் இருந்தன. அதை வைத்துக்கொண்டு அறிஞர்கள் வாதாடினார்கள். சிலர் இது பழுப்புத் தலைக் கடற்காகத்திலேயே ஒரு நிற வேறுபாடு என்றார்கள். வேறு சிலர் சொன்னதுதான் வேடிக்கை. இது தனி இனமே இல்லை, பல்லாஸ் கடற்காகமும் பழுப்புத் தலைக் கடற்காகமும் கலந்து பிறந்த கலப்புக் குஞ்சு என்றார்கள். கோவேறு கழுதை மாதிரி.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். எஞ்சிய கடற்காகத்தின் நீளம் சுமார் 45 சென்டிமீட்டர். சின்னதுக்கும் பெரியதுக்கும் நடுவில் வருகிறது. தலை பல்லாஸ் போலக் கறுப்பு. கண்ணுக்கு மேலும் கீழும் அதே வெள்ளைப் பிறை, இன்னும் தடிப்பாக. அலகும் காலும் மட்டும் பழுப்புத் தலையுடையதைப் போலச் சிவப்பு, கொஞ்சம் இருண்ட சிவப்பு. அப்பா முகம், அம்மா கால். நம் வீட்டில் குழந்தை பிறந்தால் பாட்டிமார் உட்கார்ந்து மூக்கு யாருடையது, காது யாருடையது என்று பங்கு பிரிப்பார்கள் இல்லையா, அதே வேலைதான். நானும் அந்த அலமாரி முன்னால் நின்றிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன். சார்ட்டைப் பார்த்து மூன்று மார்க் போட்டவள்தானே நான்.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கலப்பு என்று முடிவு கட்டிவிட்டால் அதைத் தேடிப் போக ஆள் இருக்காது. எத்தனை இருக்கிறது என்று எண்ண மாட்டார்கள். எண்ணாததைக் காப்பாற்றச் சட்டம் போட மாட்டார்கள். அப்பா இனமும் அம்மா இனமும் நன்றாக இருக்கும் வரை கலப்புக் குஞ்சைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

1960-களின் கடைசியில்தான் விடை கிடைத்தது. கஜகஸ்தானின் கிழக்கே அலகோல் என்று ஓர் உப்பு ஏரி. அப்போது அது சோவியத் நாடு. அங்கே ஏரித் தீவில் இந்தப் பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டி இருப்பதை எர்னார் அவுயேசோவ் என்ற கஜக் விலங்கியலாளர் ஆராய்ந்தார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கலப்புப் பறவை என்றால் எப்படி இருக்கும்? மற்றப் பறவைகளின் கூட்டத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஒன்று அப்பா ஜாடை, இன்னொன்று அம்மா ஜாடை என்று ஒன்றுக்கொன்று மாறும். ஆனால் இங்கே கூட்டம் முழுக்க ஒரே அச்சு. தன் இனத்தோடுதான் ஜோடி சேர்கிறது. அதன் குஞ்சு வளர்ந்தால் அதே போலத்தான் இருக்கிறது. பிறகு எப்படிக் கலப்பாகும்? 1971-ல் அவர் கட்டுரை வெளியானது. எஞ்சிய கடற்காகம் தனி இனம் என்று உலகம் ஏற்றுக்கொண்டது. லோன்பெர்க் பெயர் வைத்து நாற்பது வருஷம் கழித்து.

அலமாரியில் இருந்த தோலைப் பார்த்தவர்களுக்குக் கிடைக்காத விடை, கூட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது.

இன்னொரு சுவாரசியம். பிற்காலத்தில் டி.என்.ஏ. சோதனை வந்து கடற்காகங்களின் வம்சாவளியைப் பிரித்துப் பார்த்தபோது, எஞ்சிய கடற்காகமும் பல்லாஸும் மத்தியதரைக் கடற்காகமும் ஒரே குடும்பக் கிளையில் வந்தன. பழுப்புத் தலைக்காரன் வேறு கிளை. தனி இனம் என்று லோன்பெர்க் சொல்லாவிட்டாலும், உறவு முறையை அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பிறகு வந்தவர்கள்தான் குழப்பினார்கள்.

இப்போது இந்தப் பறவையின் குணத்தைச் சொல்ல வேண்டும். அதில்தான் அதன் கஷ்டம் முழுவதும் இருக்கிறது.

எஞ்சிய கடற்காகம் எல்லா ஏரியிலும் கூடு கட்டாது. பாலைவனப் பக்கத்து உப்பு ஏரிக்கு நடுவில் தீவு வேண்டும். தண்ணீர் கூடினால் தீவு முழுகிவிடும். குறைந்தால் தீவு கரையோடு ஒட்டிக்கொண்டு நரி நடந்து வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் அளவாக இருக்கிற வருஷம்தான் அதற்கு நல்ல வருஷம். சரியில்லை என்று பட்டால் அந்த வருஷம் அந்த ஏரியில் முட்டையே இடாது. கூட்டத்தோடு வேறு ஏரிக்குப் போய்விடும். அலகோலிலும், ரஷ்யாவின் தோரே ஏரிகளிலும் ஒரு வருஷம் நிறைய இருக்கும், இன்னொரு வருஷம் ஒன்றுகூட இருக்காது. எண்ணப் போகிறவர்களுக்குத் தலைவலி. கூடுகளை ஒன்றோடு ஒன்று இடிக்கிற மாதிரி நெருக்கமாகக் கட்டும். தீபாவளிக்கு முந்தின நாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு போல. இரண்டு அல்லது மூன்று முட்டை. புயலோ ஆலங்கட்டி மழையோ வந்தால் ஒரே நாளில் குஞ்சுகள் எல்லாம் போய்விடும். கோடையில் பூச்சிகளைத் தின்னும். குளிர்காலத்தில் கடலோரச் சேற்றில் நண்டைப் பிடித்துத் தின்னும்.

1990 வாக்கில் சீனாவின் உள் மங்கோலியாவில், ஓர்டோஸ் பீடபூமியில், தாவ்லிமியாவ் அலஷான் நூர் என்ற ஏரியில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுவது தெரிந்தது. நூர் என்றால் ஏரி. பறவைக்காகவே அதைக் காப்பகம் ஆக்கினார்கள். 2002-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்த்தார்கள். ஆனால் சில வருஷத்திலேயே ஏரி வற்றிப் போனது. பெயர்ப்பலகை இருந்தது, தண்ணீர் இல்லை. பறவைகள் பக்கத்திலிருந்த ஹாங்ஜியான்னாவ் என்ற ஏரிக்கு மாறின. அங்கும் வருகிற ஆற்றை மேலே அணை கட்டி நிறுத்த, சுற்றிலும் நிலக்கரி தோண்ட, அந்த ஏரியும் சுருங்க ஆரம்பித்தது.

குளிர்காலத்திலும் பிரச்சினை. அது நம் பக்கம் வருவதில்லை. ஏறக்குறைய மொத்தக் கூட்டமும் சீனாவின் போஹாய் விரிகுடாவில், தியான்ஜின் பக்கத்துச் சேற்றுக் கரைகளில் போய்த் தங்குகிறது. அந்தச் சேற்றை மண் போட்டு மூடித்தான் துறைமுகமும் தொழிற்சாலையும் கட்டினார்கள். ஓர் இனம் முழுவதும் ஒரே விரிகுடாவை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதனால்தான் ஐ.யு.சி.என். அமைப்பு இதை அழிய வாய்ப்புள்ள இனம் என்று வைத்திருக்கிறது. சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையிலும் இருக்கிறது. அதாவது நாடு விட்டு நாடு வியாபாரம் செய்யவே கூடாது. தனி இனம் என்று 1971-ல் தெரியாமல் இருந்திருந்தால் இந்த இரண்டு பட்டியலிலும் அதற்கு இடம் கிடைத்திருக்காது.

ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகு வற்றிய ஏரி என்று படித்தபோது எனக்கு உடனே கழுவெளி ஞாபகம்தான் வந்தது. அங்கும் ஓரங்களில் ஆக்கிரமிப்பு உண்டு, இறால் பண்ணை உண்டு, சீமைக்கருவேல் உண்டு. நம் ஏரிகளிலிருந்து உபரி நீர் போகிற வாய்க்கால்கள் அடைபட்டால், எல்லையில் எத்தனை பலகை நட்டாலும் கழுவெளிக்குத் தண்ணீர் வராது. திண்டிவனம், வானூர் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற என் பிள்ளைகள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் ஊர் ஏரியின் கலங்கல் எங்கே போய் விழுகிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.

சரி, நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. நவம்பரிலிருந்து மார்ச் வரை போகலாம். காலை ஏழு மணிக்குள் இடையன்திட்டுப் பக்கம் இருக்க வேண்டும். வெள்ளையாகப் பறப்பதெல்லாம் கடற்காகம் இல்லை. ஒல்லியாக, வாலில் பிளவோடு, மூக்கைக் கீழே காட்டிக்கொண்டு பறந்து, திடீரென்று தண்ணீரில் விழுவது ஆலா. கடற்காகம் தடித்த உடம்பு, அகன்ற இறக்கை, தண்ணீரில் வாத்து போல மிதக்கும். கூட்டத்தில் முதலில் உயரத்தைப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு பெரியதாக, மஞ்சள் அலகோடு நின்றால் பல்லாஸ். மீதியில் கண்ணைப் பாருங்கள். வெளிறிய கண் என்றால் பழுப்புத் தலை. கண் கறுப்பாக இருந்து, பறக்கும்போது இறக்கையின் முன்னோரத்தில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது கறுப்புத் தலைக் கடற்காகம், வேறு இனம். ஆனால் பழுப்புத் தலையின் குஞ்சுக்கும் முதல் வருஷம் கண் கறுப்பாகத்தான் இருக்கும், வால் நுனியில் கறுப்புப் பட்டை இருக்கும். அதனால் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். தலையின் நிறத்தை மட்டும் கடைசியில் பாருங்கள். அதுதான் மாதத்துக்கு மாதம் மாறுவது.

பொழுது போகாமல் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அப்படியில்லை. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

அந்தப் பையன் எட்டாவதோடு நின்றுவிட்டான். அவன் அப்பாவோடு கடலுக்குப் போகிறான் என்று அப்போது கேள்விப்பட்டேன். 1994-ல் எனக்கு மாறுதல் வந்து விழுப்புரம் பக்கம் வந்துவிட்டேன். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் குப்பத்துக்கு ஒரு முறை போனேன். அப்போது அவனைப் பற்றி விசாரித்தேன். நல்லபடியாக இருக்கிறான், சென்னைப் பக்கம் விசைப்படகில் வேலை என்றார்கள். அத்தோடு விட்டுவிட்டேன். அப்போதுகூட அந்த நோட்டு எனக்கு ஞாபகம் வரவில்லை. இப்போது அவனுக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயது இருக்கும்.

பெயரை இங்கே எழுதவில்லை. எழுதக்கூடாது. ஆனால் அந்த வருஷம் ஏழாம் வகுப்பில் அவனோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஆறேழு பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பட்டப்பெயரைச் சொன்னாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். போன் நம்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. கீழே கமெண்டில் அந்தப் பட்டப்பெயரைப் போட்டுச் சிரிக்காதீர்கள், போட்டால் அழித்துவிடுவேன்.

வருகிற ஐப்பசியில் பறவைகள் வெள்ளைத் தலையோடு திரும்பி வரும். அப்போது அவனைக் கூட்டிக்கொண்டு இடையன்திட்டுக்குப் போகலாம் என்று தங்கை மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் ஆயா வேறு என்னென்ன சொன்னார்கள் என்றும் கேட்க வேண்டும். அன்றைக்கு நான் பாதியிலேயே உட்காரச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
விழுப்புரம்